அழைப்பு எண்

திரையில் ஒரு கோடு எழுந்தது.

தூசியாக இருக்கும் என்று அவள் விரலால் துடைத்துப் பார்த்தாள். கோடு போகவில்லை.

பதினோரு நாளாக அந்தத் திரையில் புல்தரை மாதிரி இரைச்சல் மட்டும்தான். ஏவிய நாளிலிருந்தே பேசாமல் தலைக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள் செத்துவிட்டது என்று ஆபீஸே முடிவு கட்டியாயிற்று. கமிட்டிக்காரர்கள் இரங்கல் தீர்மானம் வாசிக்காததுதான் பாக்கி.

அதில் செய்தி அனுப்பும் சர்க்யூட் போர்டை வடிவமைத்தவர் அவள் கணவர். கீழே அதைக் கேட்கும் போர்டு அவளுடையது.

அனுப்பும் போர்டில்தான் பழுது என்று அறிக்கை எழுதி, முதல் கையெழுத்துப் போட்டவளும் அவளே. வீட்டுக்காரர் என்று பார்க்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஐந்து மணிக்கு அவர் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும். இப்போது மூன்றே முக்கால்.

பழையதை எடுத்துவிட்டு இன்று மாட்டிய இந்தப் புதிய கேட்கும் போர்டே ஒப்புக்குச் செய்ததுதான். கேட்கும் பக்கம் குற்றமில்லை என்று காட்டி எல்லார் வாயையும் அடைக்க வேண்டும், அவ்வளவே. அதனால் புத்தகத்தில் சொன்னபடி அட்சரம் பிசகாமல் வரைந்தாள். சிக்னல் போகும் செம்புக் கோட்டை முடிந்தவரை குட்டையாக்கினாள். இரண்டு பக்கமும் பொடித் துளைகளால் வேலி கட்டினாள். அடியில் விரித்திருக்கும் தரைச் செம்பை ஒரு வெட்டுக்கூட இல்லாமல் விட்டாள்.

பழையதில் ஒரு வெட்டு உண்டு. மின்சாரத்தின் இரைச்சல் இந்தப் பக்கம் வராதிருக்கட்டும் என்று அவளே கெட்டிக்காரத்தனமாகப் பிளந்தது. சிக்னல் கோடு அந்தப் பிளவுக்கு மேலேதான் போயிற்று. அப்படிப் போகவே கூடாது. போன சிக்னல் நேர் அடியில் திரும்ப வழியில்லாமல் ஊர் சுற்றும், கண்ட இரைச்சலையும் கூட்டிக்கொண்டு வரும். அவளுக்குத் தெரியாததா? ஒரு மயிரிழைப் பிளவு என்ன செய்துவிடும் என்று விட்டிருந்தாள். மேசைச் சோதனையில் கணீரென்றுதான் கேட்டது. மேசையில் அனுப்புவதற்கும் கேட்பதற்கும் நடுவே ஒரு முழம்.

இதுவோ அறுநூறு கிலோமீட்டர். நகத்தின் வெள்ளையளவுகூட அகலமில்லாத ஒரு செம்புக் கோட்டில் ஆகாயத்திலிருந்து ஒன்று வந்து இறங்கிப் பேசுகிறது. அவளுக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை வருஷம் இதே வேலையைச் செய்திருக்கிறாள். இது உண்மையிலேயே நடக்கக்கூடிய காரியம்தான் என்று இன்றைக்குத்தான் நம்பினாள் போலிருந்தது.

கணவர் தன் மேசையிலிருந்து எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"உயிர் வந்துடுச்சு," என்றார்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள், கம்ப்யூட்டர் அந்தச் சிக்னலைப் பிரித்து எழுத்தாக்கிக் காட்டும்வரை.

நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட வேண்டும், ஒவ்வொரு முறையும் எண் சொல்ல வேண்டும், நடுவில் நின்றுபோனால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அவர் செயற்கைக்கோளுக்கு இட்டிருந்த கட்டளை அது.

வந்தது இரண்டே வரி.

நலம்.

அழைப்பு எண் 15,838.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், எண்ணைப் பார்க்கவில்லை. அவள் பதினோரு நாளை மனதுக்குள் நிமிடமாக்கினாள். இன்னொரு முறையும் பெருக்கிப் பார்த்தாள்.

"அது ஒரு நிமிஷங்கூட நிக்கலைங்க," என்றாள். "நான்தான் கேக்கலை."