கை தெரிந்த டார்ச்

கோகிலவாணி செய்யும் டார்ச்சுகளில் சூட்டைத் தணிக்க விசிறி கிடையாது. பிடித்திருக்கும் உள்ளங்கைதான் சூட்டை வாங்கிக்கொள்ளும். உள்ளே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சர்க்யூட் ஒவ்வொரு கையோடும் ஒரு வாரம் பழகினால்தான் முழு வெளிச்சத்தைத் திறக்கும். புதுக் கைக்கு மங்கல்தான், சூடும் ஏறாது. நாலு வருஷம் நாயாய் அலைந்து அவள் உருவாக்கிய டிரைவர் அது.

தான் பழக்கிய முதல் மாதிரியை ஒரு கடையில் காட்டிவரச் சொல்லி, தம்பி பூவேந்தனிடம் கொடுத்தனுப்பினாள். அன்றைக்கே பஸ்ஸில் தொலைந்துவிட்டதென்று அழுதான். அவள்தான் தேற்றினாள்.

இன்று காந்திபுரத்துக் கடையொன்றில் ஏதோ கம்பெனியின் புது டார்ச்சைப் பெட்டி பிரித்து, பொத்தானை அமுக்கினாள். கடையே பகலாகிவிட்டது. அதை வாங்கிவந்து தம்பியிடம் நீட்டினாள்.

"இதுக்கு என் கை தெரிஞ்சிருக்குடா. நம்ம மாதிரியை, அது பழகின கையோட நினைவையும் சேர்த்து, அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க."

"திருட்டுப் பசங்க! பஸ்ல எடுத்தவன் வித்திருப்பான்க்கா."

"இருக்கும். நீ ஒருதரம் பிடி. உன் கையில மங்கலாத்தானே எரியணும்?"

பூவேந்தன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம்க்கா. சூடா இருக்கும்."

கடையிலிருந்து வந்தபின் டார்ச்சை அவள் இன்னும் எரியவிடவே இல்லை; அவன் கை அதற்குப் புதிதென்றால், எரியவிட்டாலும் சூடு ஏறாது.