டீக்கடை ஸ்டாப்பிங்

கலைச்செல்வியின் டீக்கடையைக் கண்டதும் அப்பாசாமியின் பழைய கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. சாவியைத் திருகத் திருகக் கரகரத்ததே தவிர, கிளம்பவில்லை.

மிளகு விற்கச் சந்தைக்குப் போகும் நாளெல்லாம் இதே கூத்துதான். அவர் இறங்கி டீ குடித்து, கலைச்செல்வியிடம் நாலு வார்த்தை பேசி முடித்தால்தான் வண்டிக்கும் உயிர் வரும். மலையில் இத்தனை வளைவு இருக்க, அதற்கு நிற்க வேறு இடமா இல்லை என்று பைல் நாட்டு மலையூர்களே வாய்பொத்திச் சிரித்தன.

இன்று பக்கத்து சீட்டில் மனைவி அத்தாயி. காலையில் வழக்கம்போல, வண்டிக்குக் கண்ணு படக்கூடாதென்று முன்விளக்கு, ஸ்டியரிங், பின்னால் பெட்ரோல் மூடி என ஒன்று விடாமல் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தவள், ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கும் அங்கயே நின்னுச்சுன்னா, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேனுங்க."

இப்போது வண்டி அங்கேயேதான் நின்றிருந்தது. ஆனால் வழிநெடுக அவர் கையையும் காலையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தவளாயிற்றே அத்தாயி. நிறுத்தியது அவரில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

கலைச்செல்வி நீட்டிய டீயைக்கூட மறுக்காமல் குடித்தாள். "வண்டிக்குத்தான் சீக்கு. பாவம், மனுசனை வைஞ்சுபோட்டேன்" என்று முனகியபடி, மிளகு மூட்டையோடு சந்தை பஸ்ஸில் ஏறிப் போனாள்.

அத்தாயிக்குப் பயந்து அப்பாசாமி முன்பே சொல்லி அனுப்பியிருந்த மெக்கானிக் ஷாஹுல் அப்போதுதான் மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வந்து சேர்ந்தார். பிளக்கில் பொறி பறந்தது. பம்புக்குத்தான் பெட்ரோல் வரவில்லை. பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினார். 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. அடுத்துச் சாவியைத் திருகியதுமே வண்டி கிளம்பிவிட்டது.

"மூடியில இருக்கற காத்து ஓட்டைய சந்தனம் அடைச்சிருக்குதுங்கண்ணா. ஊட்ல இருந்து இவ்வளவு தூரம் ஓடுனதும் டேங்குக்கு மூச்சு முட்டிப்போவுது. கொஞ்ச நேரம் நின்னா தானாத் தெளியும்." சந்தனப் பொட்டை நகத்தால் சுரண்டி எறிந்தார். "இனி எங்கயும் நிக்காதுங்க."

"எங்கயுமேங்களா?" என்று கேட்டுவிட்டு, அப்பாசாமி டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அடுத்த சந்தை நாள் காலை. சந்தனம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அத்தாயி முன்விளக்குகளோடு முடித்துக்கொண்டு, கிண்ணத்தோடு வீட்டுக்குள் திரும்பினாள்.

அப்பாசாமி தொண்டையைச் செருமினார்.

"ஏம்புள்ள, பெட்ரோல் மூடிக்கு வெக்கலியா?"