பாதியில் நிற்கும் பாட்டு

பதினொரு மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. பல் செட் செய்கிறவன் கையிலிருந்த கீழ்த்தாடையை மேசையில் வைத்துவிட்டு, கணினியில் ஒரு பாட்டைப் போட்டான்.

சரியாகப் பதினொரு மணிக்கு அதை நிறுத்த ஆள் வரும்.

ஆள் என்றால், ஒன்பது வருடம் அவனுடைய மனைவியாக இருந்தவள். இப்போது ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கிறாள். பிரியும்போது குக்கர் அவளுக்கு, கட்டில் அவனுக்கு என்று எல்லாவற்றையும் பங்கு போட்டார்கள். பாட்டுக் கேட்கிற ஆப்பில் இருவருக்கும் சேர்த்து ஒரே அக்கவுண்ட். அதை மட்டும் இருவரும் மறந்துவிட்டது போல் இருந்துவிட்டார்கள்.

அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். அவள் தன் ஃபோனில் ஒரு பாட்டைத் தொட்டால், இங்கே இவன் பாட்டு பொசுக்கென்று நின்றுவிடும். திரையின் அடியில், 'வேறொரு கருவியில் ஒலிக்கிறது' என்று ஒரு வரி வரும். பக்கத்திலேயே அவள் கேட்கும் பாட்டின் பெயர். அவள் ஃபோனிலும் அப்படித்தான் தெரியும். இவன் என்ன கேட்கிறான், இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி, எல்லாம்.

ஆகவே, தெரிந்தேதான் வெட்டுகிறாள். எட்டு மாதமாக அவளிடமிருந்து அவனுக்கு வருகிற ஒரே கடிதம் அதுதான்.

யாரும் கேட்காத பாடகர்களைத் தேடிப் பிடிப்பது, கல்யாணமான புதிதில் இருவருக்கும் சேர்ந்து தொற்றிய வியாதி. ஆயிரம் பேருக்கு மேல் கேட்டுவிட்ட பாட்டு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று சட்டம்.

அவள் சோல், ஃபங்க் கட்சி. அடிவயிற்றிலிருந்து பாட வேண்டும், இல்லாவிட்டால் பேஸ் கிட்டார் சுவரை உலுக்க வேண்டும். அவன் ஃபோக், எலக்ட்ரானிக் கட்சி. ஆட்டு மந்தையைப் பற்றி ஏழு நிமிடம் முனகுகிற பெண்மணி, பழைய ஃபிரிட்ஜின் உறுமலைப் பதிவு செய்து அதற்குத் தாளம் கட்டிய மகானுபாவர், இந்த மாதிரி.

அவன் கொண்டுவந்த எதையும் அவள் நாற்பது விநாடிக்கு மேல் விட்டதில்லை. "போதும், ஆடெல்லாம் வீட்டுக்குப் போயிடுச்சு," என்று அடுத்ததைப் போட்டுவிடுவாள். பாட்டை மட்டுமா? அவன் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவள்தான் முடிப்பாள். அவன் நினைத்து வைத்ததைவிட நன்றாகவும் முடித்துவிடுவாள். அதுதான் எரிச்சல்.

இப்போது அந்த எரிச்சலுக்காகத்தான் தினமும் காலையில் நீளமான பாட்டாகப் பார்த்துப் பொறுக்குகிறான்.

ஃபங்க் வந்தால் அவள் நன்றாகத் தூங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். சோல் வந்தால் அவளுடைய அம்மாவோடு ஃபோனில் சண்டை. பஸ் டிரைவர் ஒருவர் பாடிய சோல், தபால்காரர்கள் கூடி நடத்திய ஃபங்க் குழு என்று அவள் புதிதாகப் பிடித்ததையெல்லாம் மத்தியானம் உட்கார்ந்து ஒன்று விடாமல் கேட்பான். கூட இருந்தபோது அவள் ரசனையைக் கிண்டல் அடித்தவன்தான்.

"ஏம்ப்பா, பாஸ்வேர்டை மாத்திட்டா தொல்லை விட்டுது. தினமும் இப்படிப் பறிகொடுத்த மாதிரி உக்காந்து பல்லைத் தேய்க்கணுமா?" என்று கேட்டாள், எதிர் மேசையில் அச்சு வார்க்கும் அக்கா.

"பழைய பாஸ்வேர்டு மறந்துபோச்சுக்கா."

பாஸ்வேர்டு அவர்களுடைய கல்யாண நாள். சேர்ந்திருந்தபோது இரண்டு தடவை மறந்து வாங்கிக் கட்டிக்கொண்ட தேதி. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

இன்றைய பாட்டு ஒரு தையற்காரி பாடியது. தையல் மெஷினின் கடகடப்பையே தாளமாக வைத்து, தனக்குத்தானே பேசிக்கொள்வது போலப் பாடினாள். எட்டு நிமிடம். இதுவரை கேட்டவர்கள் ஆறு பேர்.

பதினொன்று அடித்தது.

பாட்டு நிற்கவில்லை.

ஒரு நிமிடம் போனது. உடம்புக்கு ஏதாவதா? இரண்டு நிமிடம். தனியாக ஒரு அக்கவுண்ட் தொடங்கிவிட்டாளா? யாராவது தொடங்கிக் கொடுத்துவிட்டார்களா? மூன்று. மேசை விளக்கின் சூட்டில் கீழ்த்தாடையின் மெழுகு இளகி, அதில் பதித்திருந்த முன்பல் ஒன்று தூங்கி வழிகிறவனைப் போலச் சாய்ந்தது. அவன் நிமிர்த்தவில்லை.

தையற்காரி கடைசி வரியைப் பாடினாள். மெஷின் மெல்ல ஓய்ந்தது. பாட்டு முழுசாக முடிந்தது.

முடிந்த அந்தக் கணத்தில், அடுத்த பாட்டு வாயைத் திறப்பதற்குள், திரையின் அடியில் அந்த வரி வந்தது. 'வேறொரு கருவியில் ஒலிக்கிறது.' தபால்காரர்கள்.

அப்படியானால் பதினொரு மணிக்கே வந்துவிட்டிருக்கிறாள். விரலைத் தூக்கியபடி, இவன் பாட்டு முடிகிற வரை காத்திருந்திருக்கிறாள்.

"பரவால்லையே, இன்னிக்கு முழுசாக் கேக்க விட்டுட்டாங்க," என்றாள் அக்கா. "மனசு இளகிடுச்சு போல."

அவன் தலையை ஆட்டினான்.

இதற்கு முன்னால் ஒரே ஒரு முறைதான் அவள் அவனை முழுசாக முடிக்க விட்டிருக்கிறாள். பேசாமல் பிரிந்துவிடலாமா என்று, அவன்தான், ஏதோ ஒரு வீம்பில் ஆரம்பித்தான். எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு, குறுக்கே புகுந்துவிடு, புகுந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே சொன்னான்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு, கடைசி எழுத்து வரை பொறுமையாகக் கேட்டாள்.