காற்றுமானிக்கு ஓர் அறை

திறப்பு விழாவுக்கு வந்திருந்தவர்கள்: மாவட்ட அதிகாரி, ஆலை மேலாளர் சதானந்தம், கவுன்சிலர், புகைப்படக்காரர் இருவர். கணக்கில் வராதவர்கள்: காவலாளி குப்புராஜ், மூச்சிளைப்பு நோய்க்காரியான அவன் மகள் யாழினி.

ஊர்க்காற்று சுத்தமாக இருந்தால்தான் நான்காவது ஆலைக்கு அனுமதி. ஊரைச் சுத்தம் செய்ய யாருக்குப் பொழுதிருக்கிறது? காற்றின் மாசை அளக்கும் காற்றுமானிக்குக் கண்ணாடி அறை கட்டி, வடிகட்டிய காற்றை உள்ளே விட்டார்கள். மாசு எண் ஒன்பதில் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டத்தோடு அறைக்குள் நுழைந்துவிட்ட யாழினிக்குக் கால் மணி நேரத்தில் இளைப்பு அடங்கியது. எண் பதினெட்டுக்கு ஏறியது.

"யோவ், பாப்பாவ வெளிய அனுப்புய்யா. அவ பாவாடையில இருக்கிற கரியே நம்மளக் கவுத்துடும்," என்றார் சதானந்தம்.

"வெளிய போனா மூச்சு முட்டுதுங்க சார்."

"ஊரு முன்னேறணும்னா நாலு பேரு இருமத்தான்யா செய்வாங்க. நீயும் சம்பளம் வாங்குறல்ல?"

"சரிங்க சார்" என்று குப்புராஜ் மகளை வாசலுக்குக் கூட்டிவந்தான். பெரியவர்களும் பெயர்ப்பலகை முன்னால் படம் எடுத்துக்கொள்ள, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். படத்துக்காகக் கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்த நொடியில் குப்புராஜ் மகளைத் திரும்ப உள்ளே அனுப்பி, கதவைச் சாத்தி, தன் இடுப்பிலிருந்த ஒரே சாவியால் பூட்டினான்.