தௌபீக்கின் பங்கு

மலையேற்ற வழிகாட்டிப் பயிற்சியில் இன்று அமலிதான் லீடர். லீடர் என்றால் சும்மாவா? கூட வந்த ஐந்து பேருடைய களைப்பும், இடுப்பில் கட்டிய பட்டை வழியாக அவள் உடம்புக்குள் இறங்கியிருந்தது. மற்றவர்கள் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள்போல அரட்டையடித்துக்கொண்டு ஏறினார்கள். அவளுக்கு ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் உயிர் வந்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் தௌபீக்.

சாயங்காலம் ஓடைக்கரையில் கூடாரம் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தொடை வலி தணிந்தது, மூச்சு சீரானது. ஒன்று மட்டும் இறங்கவே இல்லை. நனைந்த சாக்குபோல நெஞ்சில் கிடந்தது. அது நடந்து வந்த களைப்பே அல்ல.

"அவங்கவங்க களைப்பை அவங்கவங்ககிட்டத் திருப்பிக் குடுத்துடும்மா," என்றார் பயிற்சியாளர். "ஒருத்தரோடதை வெச்சுக்கிட்டாலும் ஃபெயில்தான்."

ஒவ்வொருவராக வந்து பட்டையைத் தொட்டுத் தங்கள் களைப்பை வாங்கிக்கொண்டு, "அம்மாடி, காலே கழண்டு போச்சு" என்று முனகியபடி போய்ச் சாய்ந்தார்கள். நெஞ்சிலிருந்த பாரம் அசையவில்லை. கடைசியாக வந்தவன் தௌபீக். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளாடா இப்படி?" என்று மெதுவாகக் கேட்டாள் அமலி.

"தெரியல. இது இல்லாமலும் இருக்க முடியும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது," என்று கையை நீட்டினான்.

"முடிஞ்சுதா அமலி?" என்றார் பயிற்சியாளர்.

அமலி சட்டையை இழுத்துப் பட்டையை மூடிக்கொண்டாள்.

"ஃபெயில் போட்டுக்குங்க சார்."