அந்த மனுவை எழுதினது யாரு?

"பெத்த பொண்ணு சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

ராஜவேலு கத்தினார். கிருஷ்ணவேணி காமாட்சி படத்துக்கு முன்னால் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐயம்பேட்டைக்கு மேற்கே, விறகை எரித்துக் கரண்ட் எடுக்கும் பெரிய ஆலை வரப்போகிறது. மகள் சுகாசினி அதில் இன்ஜினீயர். காலையில் கல்யாண மண்டபத்தில் ஊர் ஜனங்களிடம் கருத்துக் கேட்டார்கள். 'இந்த இடத்துல வேணாம்' என்று முதல் ஆளாக எழுந்து மனுவைப் படித்தவள் கிருஷ்ணவேணி.

"ஆடிக் காத்து, சிம்னி உயரம், சாம்பல் எம்மாந்தூரம் பறக்கும்... அஞ்சாவது படிச்சவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எழுதிக் குடுத்தவன் பேரைச் சொல்லு."

"நானே எழுதினேன்."

சொல்லிவிட்டு, படத்தைப் பார்த்து மெல்லக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மளிகை லிஸ்ட்டுக்கே நாலு தடவை என்னைக் கூப்புடுவே."

சுகாசினி உள்ளே வந்தாள். அவர் குரல் இறங்கிவிட்டது. "வேலை இருக்குதாம்மா?"

"இருக்குதுப்பா. ஊருக்குக் கிழக்கால, ஆளில்லாத மேட்டுக்கு ஆலையை மாத்தலாமான்னு பேசிக்கினு இருக்காங்க."

"உங்கம்மாவை எவனோ தூண்டி வுட்டிருக்கான். அவன் மட்டும் கையில கெடைச்சான்..."

"நான்தான்பா."

அவர் விழித்தார்.

"எழுதினது நான்தான். நெய்யறதுக்குக் கஞ்சி போட்டுத் தெருவுல நீட்டற பட்டு நூல் பாவு மேல சாம்பல் வந்து ஒட்டினா நம்ம ஜனங்க என்னாவாங்க? ஆபீஸ்ல மூணு தடவை சொல்லிட்டேன். பிளான் முடிஞ்சுது, பேசாம இருன்னுட்டாங்க. ஊர்ல இருந்து மனு வந்தாதான் காது குடுப்பாங்க. நான்னு தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதான் அம்மா..."

ராஜவேலு மனைவியைப் பார்த்தார். அவள் விளக்கை ஏற்றிவிட்டு, "சாப்புட வாங்க" என்றாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. ஆலைக்கு விறகு கொடுக்கக் காண்டிராக்ட் எடுத்திருக்கும் வீரபத்திரன்.

"அண்ணே, மேனேஜர் கேட்டுக்கினு வரச் சொன்னாரு. அண்ணி படிச்சாங்களே மனு, அதை யாரு எழுதினது? நம்ம பாப்பாவா?"

சுகாசினிக்கு முகம் வெளுத்துப்போனது.

ராஜவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

"நான்தான் எழுதினேன்னு போய்ச் சொல்லுப்பா. முப்பது வருசமா தெருவுல பாவு நீட்டறவனுக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு தெரியாதா?"

பைக் தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு உள்ளே வந்து, காமாட்சி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.