மீத் ஆக மாட்டேன்

நேபாளத்தின் தான்சேன் மலையூரில் தில்மானும் கர்ணசிங்கும் இணைபிரியாத நண்பர்கள். சடங்கு செய்து இருவரும் ‘மீத்’ ஆகிவிட வேண்டும் என்பது தில்மானின் வெகுநாள் ஆசை. இன்று பண்டிதரே வந்துவிட்டார். மாலைகளும் தயிர் பிசைந்த அட்சதையும் தயாராக இருந்தன.

“பல்வலிடா, இன்னொரு நாள் பாக்கலாம்” என்றார் கர்ணசிங், கன்னத்தைப் பிடித்தபடி.

“போன தடவை இடுப்புவலின்னே. நெத்தியில அட்சதை வெக்கப் பல்லு எதுக்குடா?” தில்மான் மாலையைக் கையில் எடுத்தார். “மீத் ஆயிட்டா கூடப்பொறந்தவன் மாதிரி. என் பிள்ளைங்க உன் பிள்ளைங்க. இதுல உனக்கு என்ன கசக்குது?”

“அதுதான்டா கசக்குது!”

தில்மான் மாலையைத் தட்டில் எறிந்தார். “என் பிள்ளைங்க அவ்வளவு மட்டமா?”

கர்ணசிங் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

“மடையா! நாம மீத் ஆனா உன் பொண்ணு அஸ்மிதா என் பையனுக்குத் தங்கச்சி ஆயிடுவா. எங்கப்பாகிட்ட நீங்களே பேசுங்க மாமான்னு அவ என்னை நச்சரிக்கிறா. உன் கோபத்துக்குப் பயந்து நான் பல்லைப் பிடிச்சுக்கிட்டுத் திரியறேன்!”

தில்மான், எழுந்து கிளம்பிய பண்டிதரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

“கல்யாணத்துக்கு நல்ல நாள் பாருங்க பண்டிதரே.”

நண்பன் பக்கம் திரும்பினார்.

“பல்வலி இப்ப எப்படி இருக்கு, சம்பந்தி?”